சவலை பாய்ந்த பிள்ளையும் வேலூரின் ஆய்வுகளும்

குழந்தைக்குப் பதினான்கு பதினைந்து மாதம் இருக்கும். போன மாதம்வரை வீடு முழுக்கத் தவழ்ந்து திரிந்தது, இப்போது மூலையில் உட்கார்ந்து சிணுங்குகிறது. தொடைச் சதை தொங்குகிறது. பிட்டம் வற்றி மடிப்பு விழுந்திருக்கிறது. தலைமயிர் செம்பட்டையாகிவிட்டது. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் பாட்டி இப்படியொரு குழந்தையைக் கையில் வாங்கினால் அதன் முகத்தை முதலில் பார்க்க மாட்டார். தாயின் வயிற்றைத்தான் பார்ப்பார். "எத்தனை மாதம்?" என்று கேட்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டால், "அதுதான், பிள்ளை சவலை பாய்ந்துவிட்டது" என்பார்.

சவலை என்பது வெறும் மெலிவைக் குறிக்கும் சொல் இல்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததால் தாய்ப்பால் இழந்து வாடும் குழந்தை என்று அதற்கு ஒரு திட்டமான பொருள் உண்டு. யாப்பிலக்கணத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. இரண்டு குறள் வெண்பாக்களை நடுவே தனிச்சொல் இல்லாமல் அடுக்கினால் இரண்டாம் அடி ஒரு சீர் குறைந்து நிற்கும். அதற்குச் சவலை வெண்பா என்று பெயர் வைத்தார்கள். முதலும் முடிவும் சரியாக இருக்க, நடுவில் ஊட்டம் குறைந்த பாட்டு. பெயர் வைத்தவர் குழந்தை வளர்ந்த வீட்டில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

1930களின் தொடக்கத்தில், இன்று கானா என்று அழைக்கப்படும் கோல்ட் கோஸ்ட் நாட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமைக்காவில் பிறந்தவர். ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் கைகால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, மயிர் நிறம் மாறி இறந்துபோவதைக் கண்டார். பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் இல்லை. உள்ளூர்க்காரர்களிடம் கேட்டார். கா மொழி பேசும் பெண்களிடம் ஒரு சொல் இருந்தது: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறக்கும்போது முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். 1933-ல் அவர் நோயை விவரித்து எழுதினார். 1935-ல் லான்செட் இதழில் அந்தப் பெயரையே சூட்டினார். மக்காச்சோளக் கஞ்சியை மட்டும் நம்பி வளர்ந்த குழந்தைகள் அவை. அமினோ அமிலமோ புரதமோ குறைந்திருக்கலாம் என்று அவர் எழுதியதை, "இது பெல்லக்ரா தவிர வேறில்லை" என்று, அதாவது ஏற்கெனவே அறிந்த ஒரு வைட்டமின் குறைநோய்தான் என்று, பலர் ஒதுக்கினார்கள்.

எங்கள் பாட்டியின் சொல்லும் கா மொழிப் பெண்களின் சொல்லும் ஒரே நோயைக் குறிப்பவை என்று நான் சொல்ல வரவில்லை. குவாஷியோர்கரில் வீக்கம் உண்டு. சவலை என்று நம் ஊரில் சொல்வதில் பெரும்பகுதி வற்றி எலும்பாகும் மராஸ்மஸ் வகை. ஆனால் இரண்டு சொல்லும் ஒரு காரணத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு பிள்ளை தாயின் மடியிலிருந்து தள்ளப்பட்டது, அதன் இடத்தில் வைக்கச் சரியான உணவு எதுவும் வரவில்லை. குழந்தை ஊட்டச்சத்து அறிவியல் குவாஷியோர்கர் என்ற பெயரை மெல்ல எடுத்துக்கொண்டது. அதற்குள் இருந்த பொருளைப் பிடிக்க அதற்கு அரை நூற்றாண்டு ஆனது. அந்த நீண்ட வழியில் வடாற்காட்டுக் கிராமங்களும் வேலூர் நகரத்தின் தெருக்களும் பலமுறை வருகின்றன. வேலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே இது அவ்வளவாகத் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அறிவியல் ஏன் வேறு பக்கம் போனது என்று பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வைட்டமின்களின் காலம். 1912-ல் காசிமிர் ஃபங்க் அந்தச் சொல்லை உருவாக்கினார். பெரிபெரி, ஸ்கர்வி, ரிக்கெட்ஸ் என்று ஒவ்வொரு நோய்க்கும் பின்னால் காணாமல் போன ஒரு சத்து பிடிபட்டது. நம் குன்னூரிலேயே ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வில் தொடங்கி, எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர்களின் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உணவில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில் நின்றன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் உணவில் வளர்ந்தவை கடைசி. குன்னூர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்புக்கு அடுத்து வந்த அய்க்ராய்ட், 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். இன்றைக்கு ஒரு கிண்ணம் கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து என்று எளிதாகச் சொல்கிறோமே, அந்த வழக்கம் அங்கே தொடங்கியது. அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

இந்த வெற்றிகள் ஒரு பழக்கத்தை உண்டாக்கின. நோய் என்றால் குறை, குறை என்றால் ஒரு பொருள், அந்தப் பொருளைக் கொடுத்தால் தீர்ந்தது. குழந்தைகள் வாடும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எந்தப் பொருள் குறைகிறது? 1950களில் கிடைத்த பதில், புரதம். 1952-ல் ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி வந்த பிராக், ஆட்ரெட் என்ற இருவர் குவாஷியோர்கர் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். 1955-ல் புரதத்துக்கென்றே உலக அளவில் ஆலோசனைக் குழு அமைந்தது. மேல்நாடுகளில் மிஞ்சிக் கிடந்த கொழுப்பு நீக்கிய பால்மாவு மூட்டை மூட்டையாக ஏழை நாடுகளுக்கு வந்தது. மீன்மாவு, பருத்திக்கொட்டை மாவு, பாசி என்று புரதத்தைத் தேடி அலைந்தார்கள். உலகத்தில் புரத இடைவெளி ஒன்று விரிந்துகொண்டே போகிறது என்று பெரிய சபைகளில் பேசப்பட்டது.

அதை மறுத்த முதல் வலுவான குரல்களில் ஒன்று தமிழ்நாட்டுக்காரருடையது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஐதராபாத்தில் ஏழைக் குழந்தைகளின் உணவை நோய் வருவதற்கு முன்பே அளந்து, பிறகு யாருக்கு என்ன வந்தது என்று பார்த்தார். வீங்கிய பிள்ளையும் வற்றிய பிள்ளையும் நோய்க்கு முன்பு சாப்பிட்டது ஏறக்குறைய ஒன்றுதான். 1968-ல் அவர் இதை வெளியிட்டார். அந்தப் பிள்ளைகளின் உணவில் புரதம் மட்டும் தனியாகக் குறையவில்லை, உணவே குறைந்தது. வயிறு நிறைய சோறும் பருப்பும் கிடைத்தால் அதிலேயே புரதமும் வந்துவிடும். உணவே போதாதபோது கொடுக்கிற புரதத்தையும் உடம்பு அடுப்பு விறகு போல எரித்துவிடும். 1974-ல் டொனால்டு மெக்லாரன் இந்தப் புரதக் கதையை மாபெரும் தோல்வி என்றே தலைப்பிட்டு லான்செட்டில் எழுதினார். இருபது ஆண்டுகளும் கோடிக்கணக்கான பணமும் போயிருந்தன. கோபாலன் நூறு வயதுவரை வாழ்ந்து 2019-ல் மறைந்தார். இந்தத் துறையில் நம்மவர் செய்த மிகப் பெரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, வீட்டில் கேழ்வரகு இருக்கிறது, அரிசி இருக்கிறது, பிள்ளை ஏன் வாடுகிறது? எங்கள் பக்கத்துக் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் வேலை செய்பவர் ஒரு சொம்புக் கூழ் குடிப்பார், அவருக்கு அது தாங்கும். ஒரு வயதுக் குழந்தையின் இரைப்பை அதன் கைப்பிடிகள் இரண்டைச் சேர்த்தாற்போல் இருக்கும். அதில் நீர்க்கக் கரைத்த கூழை ஊற்றினால் வயிறு உப்பிவிடும், ஆனால் உள்ளே போனதில் பெரும்பகுதி தண்ணீர். கெட்டியாகக் கிளறினால் குழந்தையால் விழுங்க முடியாது. இந்தச் சிக்கலுக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடுவது ஒன்று. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைப்பது மற்றொன்று. முளைக்கும் தானியத்தில் ஊறும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால், அதே அளவு தண்ணீரில் கூடுதல் மாவு கரைந்தும் கூழ் இளக்கமாகவே இருக்கும். கரண்டிக்குக் கரண்டி சத்து கூடும். பிள்ளைக்கென்று முளைகட்டிய மாவைத் தனியாகத் தகர டப்பாவில் வைத்திருந்த பாட்டிமார் நொதியின் பெயர் அறியாதவர்கள். டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ள மட்டும் அறிந்திருந்தார்கள்.

இனி வேலூர். அய்டா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய மருத்துவப் பணி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பிறகு சி.எம்.சி. என்று உலகம் அறியும் கல்லூரியானது. அங்கே 1962-ல் நடந்த ஒரு கண்டுபிடிப்பு, சவலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. மாலதி ஜாதவ், ஜான் வெப், வைஷ்ணவா, செல்வின் பேக்கர் ஆகிய நால்வரும் லான்செட்டில் எழுதிய கட்டுரை அது. தாய்ப்பால் நிறுத்தப்படாத, ஓராண்டு நிறையாத சில குழந்தைகளை அவர்கள் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை மறந்துவிட்டது. தலை நின்ற குழந்தைக்குத் தலை தொங்கியது. கைவிரல் முட்டிகளில் கருமை படிந்தது. உடம்பில் தானாக நடுக்கம் வந்தது. இரத்தம் சோகை பிடித்திருந்தது. பார்க்க மூளை நோய்போல் இருக்கும். இரத்தத்தைச் சோதித்தால் வைட்டமின் பி12 மிகக் குறைவு. தாயைச் சோதித்தால் அவருக்கும் குறைவு, அவர் பாலிலும் குறைவு. பி12 ஊசி போட்டதும் சோர்ந்து கிடந்த குழந்தைகள் தெளிந்து திரும்பினார்கள்.

அந்த வைட்டமினைப் பிரித்தெடுத்தே அப்போது பதினான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பால், முட்டை, மீன், இறைச்சியில் மட்டும் இருக்கும் சத்து அது. விரும்பிச் சைவமாக இருப்பவர்களும், வாங்க வழியின்றிச் சைவமாக இருப்பவர்களும் நம் ஊரில் நிறைய. பால் கொடுக்கும் தாயின் தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கேட்காமல் குழந்தையின் ஊட்டத்தைப் பேச முடியாது என்பதை அந்த ஒரு கட்டுரை காட்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடும் பெண்ணின் உடம்பிலிருந்துதான் அடுத்த தலைமுறையின் மூளை கட்டப்படுகிறது. என்னைக் கேட்டால், வேலூர் சந்தைப்பேட்டையில் சிலை வைக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கண்டுபிடிப்பு இது.

அதே அறுபதுகளில் ஷீலா பெரைரா, அல்மாஸ் பேகம் இருவரும் வேலூரில் குவாஷியோர்கர் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டை ஆராய்ந்தார்கள். வீங்கி வரும் குழந்தைகளில் பலருக்குக் கண் வறண்டிருக்கும், கவனிக்காமல் விட்டால் கருவிழி கரைந்து பார்வையே போய்விடும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கல்லீரலில் வைட்டமின் ஏ சேர்ந்திருந்தாலும் அதை இரத்தத்தில் சுமந்து செல்ல ஒரு புரதம் வேண்டும், பட்டினி உடம்பால் அதைச் செய்ய முடியாது. நல்ல உணவு கொடுத்துப் பிள்ளை வளரத் தொடங்கினால் வைட்டமின் தேவை திடீரென்று கூடும். கொழுப்பு நீக்கிய பால்மாவில் வைட்டமின் ஏ கொழுப்போடு போய்விட்டது. எனவே புரதம் கொடுத்துக் காப்பாற்றுகிறோம் என்று வந்த அந்தப் பால்மாவு, வைட்டமின் ஏ சேர்க்காமல் கொடுக்கப்பட்டால், பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்தாகக்கூட முடியும். ஒரு பொருளை மட்டும் பார்த்து வைத்தியம் செய்வதன் விலை அது. 1970-ல் நாடு முழுவதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் திட்டம் வந்தது. முருங்கைக்கீரை வேலிக்கு வேலி நிற்கும் ஊரில் மாலைக்கண் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் வருந்தும். கீரை பெரியவர்களின் குழம்புக்குப் போனது, பிள்ளைக்குக் காரம் என்று கொடுக்கவில்லை.

ஆனால் வேலூரின் ஆழமான பங்களிப்பு குடலைப் பற்றியது. வடாற்காட்டுக் கிராமங்களில் ட்ராபிகல் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோய்போலப் பரவியது. விடாத பேதி, எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது, மாதக்கணக்கில் மெலிந்து பலர் இறந்தார்கள். பேக்கரும் வி.ஐ. மாதனும் சி.எம்.சி.யின் வெல்கம் ஆய்வுப் பிரிவில் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நோயாளியின் குடலை நோயில்லாதவரின் குடலோடு ஒப்பிட வேண்டுமல்லவா? அப்படி ஒப்பிடப் போனபோதுதான் ஒரு விசித்திரம் தெரிந்தது. நல்ல உடல்நலத்தோடு நடமாடும் நம் ஊர்க்காரர்களின் குடலும் மேல்நாட்டுப் பாடப்புத்தகப் படம்போல் இல்லை.

சிறுகுடலின் உட்சுவர் வெல்வெட் துணிபோல் இருக்கும். லட்சக்கணக்கான நுண்விரல்கள் நீட்டிக்கொண்டு நிற்பதால் அந்த மென்மை. உருப்பெருக்கியில் வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனி விரல். சத்தை உறிஞ்சும் பரப்பு முழுவதும் அவைதான். நம்மவர் குடலில் அந்த விரல்கள் தட்டையாகி இலைபோலவும், ஒன்றோடொன்று ஒட்டி வரப்புபோலவும் இருந்தன. இது பிறவியிலேயே வரும் இன வேறுபாடா? சாக்கோ, பால்சன், மாதன், பேக்கர் ஆகியோர் 1969-ல் இதற்கு விடை சொன்னார்கள். இறந்து பிறந்த சிசுக்கள் முதல் பெரியவர்கள்வரை சவப் பரிசோதனைகளில் குடலை எடுத்துப் பார்த்தார்கள். வெளியுலகைத் தொடாத சிசுக்களின் குடலில் விரல்கள் நன்றாகவே நின்றன. மாற்றம் பிறந்த பிறகுதான் வருகிறது. ஓர் அமெரிக்க ஆய்வு இதே உண்மையை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியது. பாகிஸ்தானுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களின் நல்ல குடல் சில மாதங்களில் நம் குடல்போல் ஆனது, ஊர் திரும்பிய பிறகு தேறியது.

அதாவது நாம் குடிக்கும் தண்ணீர், தவழும் தரை, கையில் ஒட்டும் மண் வழியாக ஓயாமல் உள்ளே போகும் கிருமிகள் பேதியைக்கூட உண்டாக்காமல் குடலின் விரல்களை மழுக்கிவிடுகின்றன. பெரியவர்களுக்கு அது பெரிய தொல்லை இல்லை. வளரும் குழந்தைக்கு அது ஓட்டைக் குடம். மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே ஒழுகும். அதோடு, குடல் ஓயாமல் அழற்சியில் இருப்பதால் வளர்ச்சிக்குப் போகவேண்டிய சத்தை எதிர்ப்பு வேலையே தின்றுவிடும். 1991-ல் காம்பியா நாட்டில் கைக்குழந்தைகளின் குடல் எவ்வளவு கசிகிறது என்று அளந்த பீட்டர் லுன் குழுவினர், வளர்ச்சி குன்றியதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அந்தக் கசிவோடு பொருந்தியதைக் கண்டார்கள். நம் ஊரில் மாந்தம் என்று சொல்லி வசம்பு உரசிக் கொடுக்கும் நோய்களில் எத்தனை இந்தக் குடலின் முறையீடோ.

தொற்றும் ஊட்டக்குறையும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதை ஸ்க்ரிம்ஷா, டெய்லர், கார்டன் மூவரும் 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நூலில் நிலைநாட்டினார்கள். கார்ல் டெய்லர் இமயமலை அடிவாரத்தில் பிறந்து இந்தியக் கிராமங்களை அறிந்தவர். அம்மை வந்து போன பிள்ளை எழ முடியாமல் கிடக்கும், எழுவதற்குள் பேதி, பேதி நின்றால் இருமல். நம் தாய்மாருக்கு இந்தச் சங்கிலி புதிதல்ல. அதை எண்ணிக்கையில் காட்டியது அறிவியலின் வேலை.

வேலூரில் அந்த வேலை தெருத்தெருவாக நடந்தது. எழுபதுகளில் டி. ஜேக்கப் ஜான், வாய்வழிப் போலியோ சொட்டு மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு வேலை செய்த அளவுக்கு வேலூர்க் குழந்தைகளுக்குச் செய்யவில்லை என்று கண்டார். குடல் வேறு மாதிரி என்றால் குடல் வழியாகப் போகும் தடுப்பு மருந்தும் தடுமாறும். பிறகு ககன்தீப் காங் குழுவினர், ராம்நாயக்கன்பாளையம், சின்னல்லாபுரம், கஸ்பா ஆகிய பகுதிகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்தார்கள். இறுதிவரை இருந்தவர்கள் 373 பேர். மெக்சிகோவில், பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸ் இரண்டு முறை தாக்கிய குழந்தைக்குப் பிறகு கடுமையான பேதி வராது என்று அறிந்திருந்தார்கள். வேலூரில் மூன்று முறை தாக்கிய பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். அவ்வளவு கிருமி நெருக்கம். இந்தியாவில் உருவான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. கடுமையான ரோட்டா பேதியைச் சுமார் 55 விழுக்காடு தடுத்தது. இன்று பால்வாடிக்கு வரும் செவிலியர் கைக்குழந்தையின் வாயில் விடும் ரோட்டா சொட்டுக்குப் பின்னால் இந்தத் தெருக்களின் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

2009-ல் தொடங்கிய மால்-எட் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. எட்டு நாடுகளில் எட்டு இடங்கள், அதில் ஒன்று வேலூர். களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குப் பேதியா, காய்ச்சலா, என்ன ஊட்டினீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். மாதம் ஒருமுறை எடை, உயரம், மல மாதிரி. இரண்டு வயதுவரை. கதவுப் படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருக்கும் தாய், இலையை வெட்டும் கையை நிறுத்தாமலே பதில் சொல்லுவார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரின் ஒரு நிமிடமும் கணக்கு. எட்டு இடங்களிலும் சேர்த்து 2,145 குழந்தைகளிடமிருந்து எடுத்த மாதிரிகளில், பேதி இல்லாத நல்ல மலத்திலும் நூற்றுக்குச் சுமார் 65-ல் ஏதாவது ஒரு கிருமி இருந்தது. தாயின் கண்ணுக்குக் குழந்தை நன்றாக இருக்கிறது, உள்ளே குடல் போராடிக்கொண்டிருக்கிறது. பேதி எண்ணிக்கையைவிட இந்தச் சத்தமில்லாத தொற்றே உயரக் குறைவோடு நெருங்கி வந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வியை வேகமாகத் தாண்டிவந்துவிட்டேன். வாடுகிறது என்று எப்படி அளப்பது? 1956-ல் மெக்சிகோவின் கோமஸ் வயதுக்கேற்ற எடையை வைத்து மூன்று படிகள் வகுத்தார். ஜமைக்காவில் நெடுங்காலம் ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவர் வாட்டர்லோ 1972-ல் அதைப் பிரித்தார். உயரத்துக்குத் தக்க எடை இல்லாதது மெலிவு, அண்மைய பட்டினி. வயதுக்குத் தக்க உயரம் இல்லாதது நெடுநாள் குறை. நைஜீரியக் கிராமத்தில் டேவிட் மோர்லி கொண்டுவந்த வளர்ச்சி அட்டை அந்த எண்களைத் தாயின் கையில் ஒரு கோடாகக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மாதாமாதம் எடை போட்டு, கோடு சரியும் குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே கஞ்சி என்றிருந்த காலத்தில் அது துணிந்த வேலை. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு பள்ளிப் பிள்ளைகளின் பசியை ஆற்றியது, ஆனால் சவலை பாயும் வயதோ பள்ளிக்கு வெகு முன்னால், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள். 2006-ல் உலக சுகாதார நிறுவனம் புதிய வளர்ச்சி அளவை வெளியிட்டது. டெல்லி உட்பட ஆறு நாடுகளின் ஆறு நகரங்களில் நல்ல வசதியோடு தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் ஐந்து வயதுவரை ஏறக்குறைய ஒரே உயரம் வளர்ந்தார்கள். நம் பிள்ளைகள் குட்டையாக இருப்பது பரம்பரை என்று சொல்லித் தப்பிக்க அதன் பிறகு வழியில்லை.

1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைச் சி.எம்.சி. பிறந்தபோதும், சிசுப் பருவத்திலும், ஆறு எட்டு வயதிலும், வளரிளம் பருவத்திலும் அளந்து எழுதி வைத்திருந்தது. அந்தப் பேரேடு பத்திரமாக இருந்ததே ஒரு பாக்கியம். முப்பது ஆண்டுக்குப் பிறகு அவர்களில் 2,218 பேரைத் தேடிப் பிடித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்தார்கள். வயது 26 முதல் 32. சிறு வயதில் மெலிந்திருந்து, பிறகு இளமையில் வேகமாக உடம்பு போட்டவர்களுக்கே சர்க்கரைக் கோளாறு கூடுதலாக இருந்தது. பட்டினிக்குப் பழகிய உடம்பு, பின்னால் வந்த சோற்றைத் தாங்கவில்லை. வேலூரில் ஒவ்வொரு தெருவிலும் நாற்பது வயதில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களின் கதையின் முதல் பக்கம் ஒருவேளை அந்தப் பேரேட்டில் இருக்கலாம்.

வைத்தியமும் மெல்லத்தான் திருந்தியது. எலும்பும் தோலுமாக வரும் குழந்தைக்கு உடனே நிறையச் சாப்பாடு கொடுக்க நம் மனம் துடிக்கும். அப்படிக் கொடுத்தால் இறந்துபோகும். பட்டினியில் உடம்பு தன் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்திருக்கிறது. திடீரென்று உணவு வந்தால் இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சரிந்து இதயம் நின்றுவிடும். சூடு குறையாமல் போர்த்தி, சர்க்கரை இறங்காமல் இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்து, மறைந்திருக்கும் தொற்றுக்கு மருந்து கொடுத்து, இரும்புச் சத்தை முதல் வாரம் தொடாமல் இருந்து, பிறகுதான் வளர்க்கும் உணவுக்குப் போக வேண்டும். இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 1999-ல் தெளிவாக வகுத்தது. அதுவரை ஐம்பது ஆண்டுகளாக மருத்துவமனைகளில் நூற்றுக்கு இருபது முப்பது பேர் இறந்துகொண்டிருந்தார்கள்.

குடல் சேதத்துக்குக் காரணம் அசுத்தம் என்றால் கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் கொடுத்தால் உயரம் கூட வேண்டும். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளில் பெரிய அளவில் சோதித்தார்கள். 2018, 2019-ல் முடிவு வந்தது. உயரம் கூடவில்லை. கூடுதல் உணவு கொடுத்த வீடுகளில் மட்டும் சிறிது கூடியது. கோழியும் ஆடும் திரியும் மண் வாசலில் தவழும் பிள்ளைக்கு ஒரு கழிப்பறையும் கைகழுவும் சோப்பும் போதாது, தெரு முழுக்க மாற வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அரைகுறையாகச் செய்த சுகாதாரம் தோற்றதை வைத்துச் சுகாதாரமே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய அளவில் 35.5. நாம் மேல்தான், ஆனாலும் நாலில் ஒரு பிள்ளை. பெண்களின் குழந்தைப்பேறு சராசரி 1.8 ஆகிவிட்டது, அடுத்த பிள்ளை அவசரமாக வந்து முந்தையதைத் தள்ளுவது குறைந்துவிட்டது. பாட்டி இன்று இருந்தால் தாயின் வயிற்றைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது.

அவர் வேறு இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வழிகளில் காலை ஏழு மணிக்குத் தோல் கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. 2017-ல் திருத்தப்பட்ட சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கொண்டுவந்தது. வீட்டில் பீடி சுற்றுபவருக்கு நடைமுறையில் அது எட்டுவது அரிது, அவருக்குப் பெரும்பாலும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம்தான். இருபத்தாறு வாரம் என்றால் ஆறு மாதம். தாய்ப்பாலோடு மற்ற உணவு தொடங்கவேண்டிய அதே வாரத்தில் தாய் பஸ் ஏறுகிறாள். பால்வாடியில் கொடுத்த சத்துமாவுப் பொட்டலம் அடுக்களை அலமாரியில் இருக்கிறது. அதைக் கிளற அடுப்பருகே நிற்க வேண்டும், குழந்தை இடுப்பில் இருக்கிறது, பாட்டிக்கு முழங்கால் வலி. பத்து மணிக்குக் குழந்தை அழும்போது ஐந்து ரூபாய் பிஸ்கட்டைப் பிரித்து டீயில் நனைத்துக் கொடுக்கிறார். மாலை ஆறரைக்கு பஸ் திரும்பும்போது தாயின் ரவிக்கை நனைந்திருக்கும்.